ஆழ்கடலைப் படம் பிடித்த கப்டன் கூஸ்டோ

நமது சமூகத்தில் ஜாக் கூஸ்டோ என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அவரைப் பற்றி வேறு என்ன தெரியும் என்று கேட்டால் பெரும்பாலானோர் ஒரே ஒரு கதையைத்தான் சொல்வார்கள். இரண்டு கடல்களின் நீர் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதைக் கண்டறிந்த பிரெஞ்சு விஞ்ஞானி, அல்குர்ஆனில் அது ஏற்கனவே சொல்லப்பட்டிருப்பதை அறிந்து இஸ்லாத்தைத் தழுவினார் என்பதே அந்தக் கதை. அதற்குப் பின்னர் வருவோம். அந்த மனிதர் உண்மையில் யார், 87 வருட வாழ்வில் என்ன செய்தார் என்பதை முதலில் அறிந்து கொள்வது நல்லது. ஏனெனில் கடலுக்கடியில் உள்ள உயிர்களை அசையும் படமாக உலகுக்குக் காட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர். இன்று தண்ணீர் புகாத உறையில் கைத்தொலைபேசியைப் போட்டுக்கொண்டு நிலாவெளியிலும் ஹிக்கடுவையிலும் மீன்களை வீடியோ எடுப்பவர்கள் படும் பாடுகள் அனைத்தையும் அவரும் பட்டிருக்கிறார்.

ஜாக்-ஈவ் கூஸ்டோ 1910 ஜூன் 11 ஆம் திகதி பிரான்ஸின் தென்மேற்கே சென்-ஆந்த்ரே-த-குப்ஸாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் சட்டம் படித்தவர். செல்வந்தரான அமெரிக்கர்களுக்குச் செயலாளராக வேலை பார்த்ததால் குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. சிறுவன் ஜாக் நோஞ்சான் பிள்ளை. ஆனாலும் நீந்துவதில் விருப்பம் அதிகம். சிறிது காலம் அமெரிக்காவில் வாழ்ந்தபோது, கோடைகால முகாம் ஒன்றில் ஏரியின் அடியில் கிடந்த மரக்கிளைகளை அகற்றுவதற்காக மூச்சை அடக்கி மூழ்கப் பழகிக்கொண்டார். பதின்மூன்று வயதளவில், சேர்த்து வைத்த காசைக் கொடுத்து ஒரு பதே கமராவை வாங்கினார். வாங்கிய கையோடு அதைக் கழற்றிப் பார்த்து, மீண்டும் பூட்டி, வீட்டாரையும் நண்பர்களையும் நடிக்க வைத்துச் சிறு படங்கள் எடுக்கத் தொடங்கினார். படிப்பில் மட்டும் மனம் செல்லவில்லை. பாடசாலையின் யன்னல் கண்ணாடிகளை உடைத்து வெளியேற்றப்பட்டு, கண்டிப்பு மிகுந்த விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட பிறகுதான் வழிக்கு வந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

1930 இல் பிரெஞ்சுக் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய ஆசை வானத்தில் இருந்தது. கடற்படை விமானியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 1936 இல் இரவு வேளையில் கார் ஓட்டிச் சென்றபோது நேர்ந்த விபத்தில் இரு கைகளும் முறிந்தன. விமானக் கனவு அத்தோடு முடிந்தது. கைகளுக்கு மீண்டும் பலம் வர வேண்டும் என்பதற்காகத் தூலோன் துறைமுகத்தின் அருகே தினமும் நீந்தினார். சக அதிகாரியான பிலிப் தையியே அப்போது அவருக்கு நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். அதை அணிந்து தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியவர், வெளியே நின்ற கார்களையும் மனிதர்களையும் மறந்து பாசிகளையும் மீன்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கைகள் உடையாதிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது. அல்லாஹ் நாடியது அப்படி.

தையியே, கூஸ்டோ, மீன் வேட்டையில் பேர்போன ஃபிரெடெரிக் தூமா ஆகிய மூவரும் இணைபிரியாத சுழியோடிகள் ஆனார்கள். 1937 இல் கூஸ்டோ சிமோன் மெல்கியோர் என்ற பெண்ணை மணந்தார். கடற்படைத் தளபதிகளைக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் சிமோன். இந்த வரலாற்றில் சிமோனுக்கு உரிய இடத்தைப் பலர் கொடுப்பதில்லை. நான் கொடுக்க விரும்புகிறேன்.

தான் கண்டதை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை கூஸ்டோவைப் பிடித்துக்கொண்டது. பழைய கினாமோ கமரா ஒன்றை மலிவு விலைக்கு வாங்கினார். தண்ணீர் புகாத, ஆழத்தின் அமுக்கத்தைத் தாங்கக்கூடிய பெட்டி ஒன்றை லெயோன் வேஷ் என்ற பொறியியலாளர் அதற்குச் செய்து கொடுத்தார். அடுத்த தடை படச்சுருள். இரண்டாம் உலக யுத்த காலம். சினிமாப் படச்சுருள் கடையில் கிடையாது. சாதாரண ஒளிப்படக் கமராவுக்கான சிறு சுருள்களை வாங்கிவந்து, இரவில் கம்பளிப் போர்வைக்குள் புகுந்துகொண்டு, வெளிச்சம் படாமல் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான சுருளாக்கினார்கள். அந்த வேலையில் சிமோனும் கூட இருந்தார். இவ்வாறு 1942 இல் உருவானதே பதினெட்டு மீற்றர் ஆழத்தில் என்ற பொருள்படும் பெயரைக் கொண்ட முதற் படம்.

அந்தப் படத்தை எடுக்கும்போது அவர்களிடம் மூச்சுக் கருவி எதுவும் இல்லை. நெஞ்சில் அடக்கிய காற்றோடு இறங்க வேண்டும். கமராவைத் திருப்பி, குறிபார்த்து, சில விநாடிகள் ஓடவிட்டு, மூச்சு முட்டும் முன் மேலே வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு காட்சியும் மிகச் சிறியது. மீன் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. தூமா மீனைக் குத்தி வேட்டையாடுவதே படத்தின் பெரும்பகுதி. வேட்டை சில விநாடிகளில் முடிந்துவிடும், அதனால் அதைப் படமாக்க முடியும். ஒரு மீன் கூடு கட்டுவதையோ இரை தேடுவதையோ காட்ட வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மூச்சு வேண்டும். ஆகவே கூஸ்டோவின் அடுத்த தேடல் நல்ல கமராவாக இருக்கவில்லை. நீண்ட மூச்சைத்தான் தேடினார்.

சிமோனின் தகப்பனார் ஏர் லிக்விட் என்ற வாயு உற்பத்தி நிறுவனத்தில் உயர் பதவி வகித்தவர். அவர் மூலமாக அந்த நிறுவனத்தின் பொறியியலாளர் எமில் கன்யானைக் கூஸ்டோ சந்தித்தார். யுத்தத்தால் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. கார்களைக் கரிவாயுவில் ஓட்டுவதற்கென கன்யான் ஒரு வால்வைச் செய்து வைத்திருந்தார். இயந்திரம் இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் வால்வு அது. மனிதனும் இழுக்கும்போது மட்டும் காற்றைக் கொடுத்தால் என்ன? இருவரும் சேர்ந்து அதை மாற்றியமைத்தார்கள்.

1943 ஆரம்பத்தில் பரிஸுக்கு அருகே மார்ன் நதியில் முதற் பரீட்சை. கிடையாக நீந்தும்போது எல்லாம் சரியாக இருந்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகச் சீறி வெளியேறியது. தலைகீழாகத் திரும்பினால் மூச்சை இழுப்பதே கஷ்டமாக இருந்தது. பௌதிகவியல் படிக்கும் மாணவிகளுக்குக் காரணம் உடனே விளங்கும். காற்று உள்ளே வரும் இடமும் வெளியேறும் இடமும் வெவ்வேறு உயரத்தில் இருந்தன. நீரில் உயரம் மாறினால் அமுக்கமும் மாறும். இரண்டையும் அருகருகே ஒரே மட்டத்தில் வைத்தவுடன் குறை தீர்ந்தது. அவ்வருட ஜூன் மாதத்தில் மத்தியதரைக் கடலில் கூஸ்டோ அந்தக் கருவியுடன் இறங்கியபோது, மேலே முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அணிந்து அவரைக் கண்காணித்தபடி மிதந்துகொண்டிருந்தவர் சிமோன். ஏதும் தவறினால் மேலிருந்து முதலில் கண்டு சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. அக்வாலங் என்று அழைக்கப்பட்ட அக்கருவியின் பரம்பரைதான் இன்று நமது கடல்களில் சுழியோடிகள் முதுகில் சுமப்பது.

அதே வருடத்தில், மூழ்கிக் கிடந்த கப்பல்களைப் பற்றிய இரண்டாவது படத்தை அந்தக் கருவிகளைப் பயன்படுத்தி எடுத்தார். யுத்தம் முடிந்ததும் அப்படத்தைப் பார்த்த கடற்படைத் தலைமை, நீரடி ஆய்வுக்கென ஒரு பிரிவையே தூலோனில் தொடங்க அனுமதித்தது. ஒரு படம் ஓர் அலுவலகத்தையே திறந்துவிட்டது.

மூச்சுப் பிரச்சினை தீர்ந்ததும் நிறப் பிரச்சினை வந்தது. ஒருமுறை தூமா ஆழத்தில் பெரிய மீன் ஒன்றைக் குத்தியபோது, அதன் உடலிலிருந்து பச்சை நிறத்தில் இரத்தம் வழிந்ததை இருவரும் கண்டார்கள். மீனோடு மேலே வர வர அந்தப் பச்சை மண்ணிறமாகி, இளஞ்சிவப்பாகி, மேற்பரப்பில் செக்கச்சிவந்தது. சூரிய ஒளியில் உள்ள சிவப்பை நீர் முதலில் உறிஞ்சிவிடுகிறது. சில மீற்றர்கள் இறங்கியதுமே சிவப்பு மங்கத் தொடங்கும்; அதற்குப் பிறகு செம்மஞ்சளும் மஞ்சளும் போய், எல்லாமே நீலமும் பச்சையுமாகத் தெரியும். நம்மவர்கள் எடுக்கும் வீடியோக்களில் முருகைக் கற்பாறை முழுவதும் ஒரே நீலச் சாயம் பூசியது போல் இருப்பதற்குக் காரணம் இதுதான். கமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. நிறத்தைக் காண வேண்டுமானால் வெளிச்சத்தைக் கூடவே கொண்டுபோக வேண்டும்.

கூஸ்டோவும் குழுவினரும் மின்விளக்குகளைக் கடலுக்குள் இறக்கினார்கள். அந்த வெளிச்சத்தில் அதுவரை மனிதக் கண் கண்டிராத சிவப்பும் செம்மஞ்சளும் ஆழத்துப் பாறைகளில் பளிச்சிட்டன. வெளிச்சம் வந்ததும் இன்னொரு தொல்லையும் வந்தது. கடல்நீரில் எப்போதும் நுண்ணிய துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். விளக்கு கமராவுக்கு நேராக ஒட்டியிருந்தால் அத்துகள்கள் எல்லாம் ஒளிர்ந்து, படத்தில் பனி பெய்வது போல வெள்ளைப் புள்ளிகளாக விழும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்க வேண்டும். உயிரினத்துக்கு அருகே செல்ல வேண்டும். இடையில் உள்ள தண்ணீர் குறையக் குறையத் துகளும் குறையும். தூரத்தில் நின்றுகொண்டு படத்தைப் பெரிதாக்குவது கடலுக்குள் எடுபடாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரல்ட் எட்ஜர்டன் 1953 இல் கூஸ்டோவின் கப்பலுக்கு வந்து, கண நேரம் மின்னும் விளக்குகளை ஆழ்கடலுக்கு ஏற்றவாறு அமைக்க உதவினார்.

அந்தக் கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் கண்ணிவெடி அகற்றுவதற்காக அமெரிக்காவில் மரத்தால் கட்டப்பட்டு, பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றி, பின்னர் மோல்டாத் தீவில் பயணிகள் படகாக ஓடிக்கொண்டிருந்தது கலிப்ஸோ. 1950 இல் லோயல் கின்னஸ் என்ற செல்வந்தர் அதை வாங்கி, வருடத்துக்கு ஒரு பிராங்க் என்ற பெயரளவு வாடகைக்குக் கூஸ்டோவிடம் கொடுத்தார். கப்பலைச் செப்பனிடுவதற்குப் பணம் போதாமல் போனபோது சிமோன் தனது நகைகளை விற்றார். விற்றுவிட்டு வீட்டில் அமர்ந்துவிடவுமில்லை. தன் கணவனை விட அதிக காலம் அக்கப்பலில் வாழ்ந்தவர் அவர்தான். மாலுமிகளுக்குத் தாயாகவும் மருத்துவத் தாதியாகவும் கணக்குப் பார்ப்பவராகவும் இருந்தார். மந்தையை மேய்ப்பவள் என்ற பொருளில் அவருக்குச் செல்லப் பெயரும் வைத்திருந்தார்கள். கமராவுக்கு முன்னால் மட்டும் வருவதைத் தவிர்த்தார். ஆகையால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் சிமோனைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

1953 இல் கூஸ்டோவும் தூமாவும் எழுதிய மௌன உலகம் என்ற நூல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையானது. 1955 இல் அதே பெயரில் முழுநீளப் படம் எடுக்கக் கலிப்ஸோ புறப்பட்டது. மத்தியதரைக் கடல், செங்கடல், பாரசீக வளைகுடா, இந்து சமுத்திரம் என்று நீண்ட பயணம். உதவி இயக்குநராக வந்தவர் சினிமாப் படிப்பை முடித்தும் முடிக்காமலும் இருந்த இளைஞர் லூயி மால். கூஸ்டோ பின்னர் அவருடைய பெயரைத் தன் பெயருக்கு இணையாகவே போட்டுக்கொண்டார். 1956 இல் கான் திரைப்பட விழாவில் 86 நிமிட நீளமான அந்தப் படத்துக்கு மிக உயர்ந்த தங்கப் பனையோலை விருது கிடைத்தது. நடிகர்களும் கதையும் கொண்ட பெரிய படங்களோடு போட்டியிட்டு ஓர் ஆவணப் படம் அவ்விருதை வென்றது அதுவே முதற் தடவை. அடுத்த வருடம் ஒஸ்காரும் வந்தது. அப்போது லூயி மாலுக்கு வயது இருபத்து நான்குதான்.

படத்தின் தொடக்கக் காட்சியை யாரும் மறக்க முடியாது. கைகளில் எரியும் தீப்பந்தங்களை ஏந்திய சுழியோடிகள் நீலத்துக்குள் மெல்ல இறங்குகிறார்கள். குமிழ்கள் மேலே எழுகின்றன. கை நடுங்காத, அவசரப்படாத காட்சி. அவர்களுடைய கமராப் பெட்டிகள் நீரில் மிதக்காமலும் அமிழாமலும் சமநிலையில் நிற்கும்படி செய்யப்பட்டிருந்தன. சுழியோடியும் அவ்வாறே சமநிலையில் இருக்கப் பழகியவர். இன்றைய வீடியோக்களில் பாதியைக் கெடுப்பது ஆட்டம்தான். கால்களை உதைத்துக்கொண்டும் பாறையைப் பிடித்துக்கொண்டும் எடுக்கும் படத்தில் மீனை விட எடுப்பவரின் தவிப்பே தெரிகிறது.

ஆனால் அதே படத்தை இன்று முழுதாகப் பார்ப்பவருக்கு மனம் கசக்கும் காட்சிகள் பல உண்டு. முருகைக் கற்பாறை ஒன்றில் எத்தனை வகை மீன்கள் வாழ்கின்றன என்று எண்ணுவதற்காக டைனமைட் வெடிக்கிறார்கள். செத்த மீன்களில் பெரும்பாலானவை மேலே மிதக்காமல் அடியிலேயே கிடக்கின்றன. காற்றுப்பை வெடித்துவிட்டதால் அவை எழுவதில்லை. கிழக்குக் கரையில் டைனமைட் வைத்து மீன் பிடிப்பதால் வந்த அழிவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது விஞ்ஞானமாகத் தோன்றாது. கலிப்ஸோவின் சுழல்விசிறியில் அடிபட்ட இளம் திமிங்கிலம் ஒன்று சாகிறது. அதைத் தின்ன வந்த சுறாக்களை மாலுமிகள் கொக்கிகளால் இழுத்துக் கப்பல் தளத்தில் போட்டுக் கோடரியால் கொல்லுகிறார்கள். இயற்கையாகவே இரை தேடி வந்த பிராணிகள் அவை. ஆமையைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்கிறார்கள். தீவில் தரை ஆமைகள் மேல் ஏறி அமர்கிறார்கள்.

மறுபுறம், எல்லோரும் விரும்பும் காட்சி ஒன்றும் உண்டு. பெரிய களவாய் மீன் ஒன்று சுழியோடிகளுடன் பழகி, அவர்கள் நீட்டும் இறைச்சிக்காக வட்டமிட்டு நடனமாடுவது போல் வருகிறது. அந்த மீன் மற்றப் படப்பிடிப்புகளுக்கு இடைஞ்சல் செய்கிறதென்று, சுறாவிலிருந்து மனிதரைக் காக்கும் கூண்டில் சிறிது காலம் அதை அடைத்தும் வைத்தார்கள். அழகான காட்சிதான். எனினும் அந்த மீன் மனிதர் வராத நாளில் எப்படி வாழ்ந்தது என்பதை அந்தக் காட்சி காட்டவில்லை. தீனி போட்டு வரவழைத்த பிராணியின் நடத்தை அதன் சொந்த நடத்தை அல்ல. உயர்தர உயிரியல் படிக்கும் ஒருத்தி இப்படத்துக்குப் புள்ளி போடுவதானால், நிறத்துக்கும் நிதானத்துக்கும் முழுப் புள்ளி கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் கை வைக்கத்தான் வேண்டும்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. கான் விழாவின் நடுவர்களும் அக்காட்சிகளைப் பார்த்துவிட்டே விருது கொடுத்தார்கள். ஆனாலும் செத்த சுறாவுக்கு அது ஆறுதலாகாது. கூஸ்டோவின் பெருமை எங்கே இருக்கிறதென்றால், அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. குத்தீட்டியோடு தொடங்கியவர் மெல்ல மெல்ல மீன் வேட்டையைக் கண்டிப்பவராக மாறினார். 1960 இல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டப் பிரெஞ்சு அதிகாரிகள் திட்டமிட்டபோது வெளிப்படையாக எதிர்த்து நின்றார். 1973 இல் கடலைப் பாதுகாக்கத் தனது பெயரிலேயே சங்கம் அமைத்தார். அந்தாட்டிக்காவில் கனிமம் தோண்டுவதைத் தடுக்கக் கையெழுத்துச் சேகரித்தார். 1991 இல் மட்ரிட் நகரில் நாடுகள் அதற்கான உடன்படிக்கையில் ஒப்பமிட்டன.

1963 இல் சூடான் நாட்டின் செங்கடற் கரைக்கு அப்பால், சுமார் 10 மீற்றர் ஆழத்தில் வீடு ஒன்றை அமைத்து ஒரு மாத காலம் மனிதர்களை வாழவைத்தார். தமது திருமண நாளைக் கூஸ்டோவும் சிமோனும் அந்த வீட்டில்தான் கழித்தார்கள். அதைப் பற்றிய சூரியனில்லா உலகம் என்ற படத்துக்கும் ஒஸ்கார் கிடைத்தது. அதில் சில காட்சிகள் உண்மையில் கடலில் எடுக்கப்பட்டவை தானா என்று அமெரிக்கப் பத்திரிகை விமர்சகர் ஒருவர் சந்தேகம் கிளப்பினார். கூஸ்டோ கடுமையாக மறுத்தார். பார்ப்பவர்கள் தாமே சென்று சரிபார்க்க முடியாத இடம் ஆழ்கடல். படம் எடுத்தவரின் நாணயத்தைத்தான் நம்ப வேண்டும்.

சாதாரண மக்களுக்கு அவர் கொடுத்த இன்னொன்று, ஒரு சிறிய கமரா. தனிப் பெட்டி எதுவுமின்றித் தண்ணீருக்குள் கொண்டு செல்லக்கூடிய ஒளிப்படக் கமரா ஒன்றை அவருடைய தூண்டுதலால் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் டி வூட்டர்ஸ் வடிவமைத்தார். கப்பலின் பெயரே அதற்கும் இடப்பட்டது. 1963 இல் ஜப்பானின் நிக்கோன் நிறுவனம் அதை நிக்கோனோஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அதன் பிறகு பல தசாப்தங்கள் பொழுதுபோக்குச் சுழியோடிகளின் கழுத்தில் தொங்கியது அதுவே. இலங்கையிலும் அதே காலத்தில் இந்த ஆர்வம் பரவியிருந்தது. கடலில் சுழியோடும் ஆசையே ஆர்தர் சி. கிளார்க்கை 1956 இல் இங்கு குடியேறச் செய்தது. அவருடைய தோழர் மைக் வில்சன் நீருக்கடியிற் காட்சிகளோடு எடுத்த ரன் முத்து தூவ என்ற சிங்களப் படம் 1962 இல் திரைக்கு வந்தது.

1968 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கூஸ்டோவின் தொடர் ஒளிபரப்பானது. சிவப்புக் கம்பளித் தொப்பி அணிந்த மெலிந்த மனிதர் வீடு வீடாக அறிமுகமானார். திமிங்கிலங்கள், கடல்நாய்கள், கூட்டமாக நடந்து செல்லும் சிங்கி இறால்கள், இனப்பெருக்கத்துக்காகக் கூடும் கணவாய்கள் என்று ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஓர் உயிரினத்தின் வாழ்க்கையைத் தொடர்ந்தது. மௌன உலகத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மனிதரின் வீரத்தை விட மிருகத்தின் வாழ்வு இங்கே முன்னுக்கு வந்துவிட்டது. முற்றாகத் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன்; கடற்சிங்கங்கள் இரண்டைப் பிடித்துக் கப்பலில் வளர்த்த நிகழ்ச்சியும் இதே தொடரில்தான் வருகிறது.

இந்தப் படங்களுக்குப் பின்னால் பெரும் பங்கு வகித்தவர் இளைய மகன் பிலிப். கமரா பிடிப்பதிலும் விமானம் ஓட்டுவதிலும் வல்லவர். தகப்பன் விபத்தினால் இழந்த வானம் மகனுக்குக் கிடைத்திருந்தது. 1979 ஜூன் 28 ஆம் திகதி போர்த்துக்கல்லின் லிஸ்பனுக்கு அருகே தேகு நதியில் இறங்கும்போது பிலிப்பின் நீர்விமானம் நொறுங்கி அவர் உயிரிழந்தார். வயது 38. கூஸ்டோவுக்கு அப்போது 69. மூத்த மகன் ஜான்-மிஷேல் தன் தொழிலை விட்டுவிட்டு வந்து தகப்பனோடு சேர்ந்தார். சிமோன் 1990 இல் காலமானார். அவருடைய சாம்பல் மொனாக்கோவுக்கு அப்பால் கடலில் தூவப்பட்டது.

இனி, ஆரம்பத்தில் தள்ளிவைத்த கதை. கூஸ்டோ இஸ்லாத்தைத் தழுவினார் என்ற செய்தி பல வருடங்களாகத் துண்டுப்பிரசுரங்களிலும் பயான்களிலும் இப்போது வீடியோக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அவருடைய நிறுவனத்திடம் இதைப் பற்றி விசாரித்தவர்கள் இருந்தார்கள். அது உண்மையல்ல என்றே பதில் வந்தது. 1997 ஜூன் 25 ஆம் திகதி அவர் பரிஸில் காலமானபோது நோத்ர்-தாம் பேராலயத்தில் கத்தோலிக்க முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது. பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கடல்கள் சந்திக்கும் இடத்தைப் பொறுத்தவரை, ஜிப்ரால்டர் நீரிணையில் உப்பும் அடர்த்தியும் கூடிய மத்தியதரைக் கடல் நீர் கீழாக வெளியேறுகிறது, அத்திலாந்திக் நீர் மேலாக உள்ளே வருகிறது. இரண்டும் நீண்ட தூரத்துக்கு வெவ்வேறு படைகளாகத் தெரிந்து, சிறிது சிறிதாகவே கலக்கின்றன. இது கூஸ்டோவுக்கு முன்பே கடலியலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் பட்டம் பெற்ற விஞ்ஞானியும் அல்லர். கடற்படை அதிகாரி, கண்டுபிடிப்பாளர், படப்பிடிப்பாளர். ஸூரதுர் ரஹ்மானில் இரு கடல்களைப் பற்றி வரும் வசனங்களுக்கு விளக்கம் சொல்வது உலமாக்களின் பொறுப்பு. அந்த வசனங்கள் உண்மையாயிருக்க ஒரு பிரெஞ்சுக் கப்டனின் சாட்சி தேவையில்லை, அதுவும் அவர் சொல்லாத சாட்சி. கிடைக்கும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரதுல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. மரணித்த ஒருவருடைய ஈமானைப் பற்றிய செய்திக்கு அந்தக் கட்டளை பொருந்தாதா? இதைச் சொல்வதால் சிலருக்கு ஏமாற்றம் வரலாம். சின்னப் பிள்ளைகள் நாளைக்கு இணையத்தில் தேடிப் பார்த்து, நாம் சொன்னது பொய் என்று கண்டால் வரும் ஏமாற்றம் அதைவிடப் பெரியது.

கூஸ்டோ இறப்பதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன், 1996 ஜனவரியில், சிங்கப்பூர் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த கலிப்ஸோவைப் பாரப்படகு ஒன்று மோதி மூழ்கடித்தது. சிமோன் நகைகளை விற்றுச் செப்பனிட்ட கப்பல் பல நாட்கள் சேற்றுக்குள் கிடந்து பின்னர் தூக்கியெடுக்கப்பட்டது. பிரான்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு, யார் பொறுப்பு, யார் செலவு என்ற வழக்குகளுக்கிடையே கட்டுத்தளங்களில் வருடக்கணக்காக உக்கிக்கொண்டிருந்தது. 2016 இல் பழுது பார்ப்பதற்காகத் துருக்கிக்கு ஏற்றிச் செல்லப்பட்டது.